மூடி மாற்றப்பட்டது

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நகராட்சிப் பொதுப்பணிப் பிரிவின் புகார் மேசையில். அங்கே உட்கார்ந்திருப்பவன் நான்தான். கதை எழுதுவது என் பொழுதுபோக்கு என்று எல்லாரிடமும் பீற்றிக்கொள்வேன். வேலையும் அதுதான் என்று யாரிடமும் சொன்னதில்லை.

2

முதல் தொடக்கம்: 'ஏழு பேர் பார்க்க வேண்டிய வேலையை ஒரே ஒரு கொத்தனார்…'

(அடித்துவிட்டேன். பழியைக் காலியிடங்களின் தலையில் போடப் பார்க்கிறது. ஆனால் பொய்யுமில்லை. இந்தச் சம்பளத்துக்கு யார் இருப்பார்கள்? ஆறு பேரும் பார்சல் வண்டி ஓட்டப் போய்விட்டார்கள். மிஞ்சியவரிடம் புகார்த் தாளை நீட்டினால், "எனக்கென்ன பத்துக் கையா இருக்கு? அடுத்த மாசம் பாப்போம்" என்பார்.)

3

இரண்டாம் தொடக்கம்: தையல்கடை அக்கா. சந்து முனையில் சாக்கடை மூடி உடைந்து குழியாகக் கிடக்கிறது என்று மூன்று முறை புகார் தந்தவர்.

பத்து நாளுக்கு மேல் புகார் முடியாமல் கிடந்தால் மேலிடத்தில் விளக்கம் கேட்பார்கள். திட்டு கொத்தனாருக்கும் எனக்கும். அதனால் பத்தாம் நாள், மூடி போடாமலேயே, கம்ப்யூட்டரில் 'மூடி மாற்றப்பட்டது' என்று தட்டினேன். தட்டியதும் புகார் தந்தவர் போனுக்குத் தானாக மெசேஜ் போய்விடும். இந்தச் சம்பளத்துக்கு இவ்வளவு போதும் என்று மனசுக்குச் சமாதானம் வேறு.

(அக்காவைச் சண்டைக்காரியாக எழுதிப் பார்த்தேன். எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அப்படி இல்லை.)

4

இன்று காலை மாவுக்கட்டோடு வந்தார். வலது கால். மெஷின் மிதிக்கிற கால்.

"மூடி போட்டாச்சுன்னு மெசேஜ் வந்துச்சு தம்பி. சந்து முழுக்க மழத்தண்ணி. எப்பவும் சுத்திக்கிட்டுத்தான் போவேன். அன்னைக்கு நேரா கால வச்சுட்டேன்."

அவர் புகாரைத் தேடுவதுபோல் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம். போட்ட மூடிய எவனோ தூக்கிட்டுப் போயிருக்கான்."

"இருக்கும்கா," என்றேன்.

எழுதவே கூசுகிறது. என் பொய்க்கு ஒரு திருடனை அவரே கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன்.

5

முடிவுகள். ஒன்று: உண்மையைச் சொல்கிறேன், வேலை போகிறது, திட்டு வாங்கக் கொத்தனார் மட்டும் தனியாக மிஞ்சுகிறார். இரண்டு: திருட்டுப் புகார் பதிந்து, பத்தாம் நாள் அதையும்… (வேண்டாம். இந்த முடிவு எனக்குக் கைவந்த கலை.) மூன்று:

மூன்றாவது என்னிடம் இல்லை. இன்னொன்றை உங்களிடமும் மறைத்துவிட்டேன். அக்கா இன்னும் போகவில்லை. எதிர் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். இவ்வளவு நேரமாக நான் தட்டிக்கொண்டிருப்பது தன் புகாரைத்தான் என்று நினைக்கிறார்.

"எனக்காக இவ்வளவு எழுதுறீங்களே தம்பி," என்கிறார். "கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க."

எந்த வரியிலிருந்து படிக்கட்டும்? நீங்களே சொல்லுங்கள்.