டிக்கியில் பாதி

மரநாரை அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப் பலகையை அறுத்துப் பார்த்திருக்கிறீர்களா? மரத்தூள் வராது. மாவு மாதிரி ஒன்று வரும். மூக்குக்குள் போய்க் கூழாகிவிடும். சளியைச் சிந்தினால் பழுப்பாக விழும். அதோடு கார்ப்பெட் ஒட்டுகிற பசையின் நாற்றம் வேறு. வாயில் எதை வைத்தாலும் அதே நாற்றம்தான். இவ்வளவும் எதற்கு? போகிற வழியில் நாலு வீட்டு ஜன்னல் அதிர வேண்டும், அதற்கு.

காருக்குள் பாட்டுப்பெட்டி வைத்துக் கொடுக்கிற கடை அது. என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, நடத்துகிறான். பேசுவது அவன் வேலை. அவன் பேசியதற்கெல்லாம் பலகை அறுப்பது என் வேலை.

அன்றைக்கு வந்த கார் தீப்பெட்டி சைஸ். அதற்கு டிக்கி இருக்கிறது என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். ஓட்டி வந்தவன் கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு இறங்கினான். பின் சீட்டில் அவனுடைய அக்கா. அவளுக்குக் கால் இரண்டும் வராது. அவன் டிக்கியிலிருந்து சக்கர நாற்காலியை எடுத்து விரித்தான். அவளே கதவைப் பிடித்துக்கொண்டு அதில் மாறி உட்கார்ந்தாள். பல் டாக்டர் ஒருவரிடம் வருகிறவர்களைப் பதிவு செய்து உள்ளே அனுப்புகிற வேலை பார்க்கிறாளாம். காலையில் கொண்டுபோய் விடுவதும் சாயங்காலம் கூட்டி வருவதும் தம்பியின் பொறுப்பு. கார் வாங்கியதே அதற்குத்தான்.

"நாற்காலி வைக்க இடம் இருக்குமா?" என்று அக்கா முதலிலேயே கேட்டாள்.

"நாற்காலி என்னக்கா, நீங்களே உள்ள படுத்துக்கலாம்" என்றான் என் மச்சினன்.

"டிக்கியில படுத்துட்டுப் போறதுக்கு நான் என்ன பொணமா?"

அவன் இளித்தான். வாடிக்கையாளர் என்ன திட்டினாலும் இளிப்பான்.

அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "மாப்ளே, இதுக்கு மூடின பெட்டி போட்டுடலாம். சின்னதா முடிஞ்சிடும். போர்ட் பாக்ஸ் வேண்டாம்."

"மூடின பெட்டிக்கு எவன் அத்தான் வருவான்? போர்ட் வச்சாத்தான் நெஞ்சுல வந்து இடிக்கும். நான் வாக்குக் குடுத்துட்டேன்."

போர்ட் என்பது வேறொன்றுமில்லை, பெட்டிக்கு ஒரு மூச்சுக்குழல். உள்ளேயிருக்கும் காற்று அந்த வழியாக வெளியே வந்து போகும், சத்தம் பெருக்கும். பெட்டி சின்னதானால் குழல் நீளமாக வேண்டும். குழல் நீண்டால் பெட்டிக்குள் இடத்தைத் தின்னும். தின்ற இடத்துக்கு ஈடாகப் பெட்டியைப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்க இடம் எங்கே? இப்படியே சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் குழலை உள்ளுக்குள் மடக்கி, பெட்டியை டிக்கியின் இடது பாதியில் அடக்கினேன். குழலின் வாய் வலது பக்கம் பார்த்தது. வாய்க்கு முன்னால் வெற்றிடம் இருந்தால்தான் அது மூச்சு விடும். வலது பாதி முழுக்கக் காலியாகத்தான் இருந்தது. அக்காவின் நாற்காலிக்கு ஒதுக்கியதும் அதே வலது பாதிதான்.

இது எங்கள் மூன்று பேர் புத்தியிலும் உறைக்கவில்லை. நாற்காலியை அளந்துதான் இடம் விட்டோம். ஆனால் பெட்டியைப் பாட வைத்துப் பார்த்தபோது நாற்காலி டிக்கியில் இல்லை. அதில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் அக்கா வேலைக்குப் போகிற வழியில் வந்தார்கள். பெட்டியை மாட்டிப் பாட வைத்ததும் இவர்கள் அடித்த கூத்தைச் சொல்ல வேண்டும். தம்பி குழல் வாய்க்கு நேரே முகத்தைக் கொண்டுபோய் வைத்தான், முடி பறந்தது. "ஃபேனே வேண்டாம் பாஸ்!" என்று கத்தினான். என் மச்சினன் ஒரு காகிதத்தைக் கிழித்துக் காட்டி, அது படபடப்பதைப் பார்த்துக் கைதட்டினான். இரண்டு எருமைகள் சேற்றைக் கண்ட மாதிரி. நான் காதில் பஞ்சை அழுத்திக்கொண்டேன்.

"சரி, கிளம்பலாம். எனக்கு நேரமாச்சு" என்று அக்கா காரில் ஏறினாள். தம்பி நாற்காலியை மடித்து வலது பாதியில் செருகினான். அளவு கச்சிதம். மறுபடி பாட்டைப் போட்டான்.

நாற்காலியின் பக்கத்தகடும் உட்காரும் மெத்தையும் போய்க் குழல் வாயை அடைத்துக்கொண்டன. காற்று சந்து தேடிப் பிதுங்கியது. பேதி கண்டவன் வயிறு மாதிரி ஒரு சத்தம். கூடவே நாற்காலி தடதடவென்று ஆடியது.

"அய்யய்ய" என்றான் தம்பி. அக்காவின் நாற்காலியைப் பார்த்துத்தான் முகத்தைச் சுளித்தான். அதை வெளியே உருவினான். பெட்டி மறுபடி கும்மென்று இடித்தது. நாற்காலியைக் கடைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கழிவுப் பலகைக் குவியலுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு வந்து, சத்தத்தை இன்னும் ஏற்றினான்.

தம்பியும் மச்சினனும் டிக்கிப் பக்கம் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். பின் சீட்டு அதிர, அக்கா திரும்பிப் பார்த்து வாயை வாயை அசைத்தாள். பாட்டுச் சத்தத்தில் ஒரு சொல்லும் வெளியே கேட்கவில்லை. இறங்கி வந்து அறையவும் முடியாது. இறங்க நாற்காலி வேண்டும். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. முன்கதவைத் திறந்து பாட்டை அணைத்தேன்.

"...புத்தி இருக்காடா நாயே!" என்று அவள் சொன்னதன் கடைசித் துண்டு தெருவில் போய் விழுந்தது.

"அக்கா, நாற்காலி இன்னிக்கு ஒரு நாள் இங்கயே இருக்கட்டும். நான் தூக்கிட்டுப் போய் கிளினிக்குள்ள உட்கார வைக்கிறேன்."

"உட்கார வச்சிட்டு நீ ஊர் மேயப் போயிடுவ. நான் கக்கூஸ் போகணும்னா? டாக்டரைத் தூக்கச் சொல்லவா?"

மச்சினன் குறுக்கே புகுந்து, "நாற்காலியக் கார் மேல கட்டிக்கலாம்க்கா, கயிறு நான் தர்றேன்" என்றான்.

"மழை வந்தா ஈர மெத்தையில நீ உட்காருவியா?"

எனக்கு அதற்கு மேல் கேட்டுக்கொண்டிருக்கப் பிடிக்கவில்லை. குழல் வாயின் அளவுக்கு ஒரு பலகையை அறுத்து எடுத்து வந்தேன்.

"என்ன அத்தான் இது?"

"வாயை அடைக்கிறேன். அடைச்சிட்டா அது முன்னாடி எதை வச்சாலும் கேடு இல்ல."

"சத்தம் குறையுமே!"

"குறையட்டும்."

"போர்ட் பாக்ஸ்னு செஞ்சிட்டு அடைச்சா, அப்புறம் அது என்ன பாக்ஸ்?"

"நான் அப்பவே சொன்ன பாக்ஸ். கொஞ்சம் கூடுதலா எடம் அடைக்குது, அவ்வளவுதான்."

தம்பி என் பக்கத்தில் வந்து குனிந்தான். குரலைத் தாழ்த்தினான். "மாஸ்டர், பசை போடாதீங்க. ஸ்க்ரூ மட்டும் போதும். தனியா போறப்ப கழட்டிக்கிறேன்."

கழற்றினால் நாற்காலி வீட்டில் இருக்கும். நாற்காலி வீட்டில் இருந்தால் அவளும் வீட்டில். ஒரு நாள் என்பான், அப்புறம் வாரம் என்பான். வெட்கமே இல்லாமல் என் காதில் வந்து ஓதுகிறான். எச்சில் கூட்டித் துப்பலாம் போலிருந்தது.

டிக்கிக்கும் பின் சீட்டுக்கும் நடுவே சுவரா இருக்கிறது? அவளுக்குக் கேட்டுவிட்டது.

"அண்ணே" என்றாள், திரும்பாமலே. "பசை போட்டு ஒட்டுங்க."

மச்சினன் கண்ணால் வேண்டாம் என்று சைகை செய்தான். நான் பசை டப்பாவைத் திறந்து, பலகையின் ஓரமெல்லாம் வழிய வழியத் தடவி, குழல் வாயில் வைத்து அழுத்தி, ஸ்க்ரூவும் போட்டு முறுக்கினேன். நாற்காலியைக் கொண்டுவந்து வலது பாதியில் நிறுத்தினேன். பாட்டுப் போட்டோம். அடக்கமாக, கேட்கும்படியாக இருந்தது. தம்பியின் முகம்தான் கெட்டுப்போன பால் மாதிரி திரிந்தது.

"காய எவ்வளவு நேரம் ஆகும்ணே?" என்று அக்கா கேட்டாள்.

"சாயங்காலம் வரைக்கும் தொடாம இருந்தா, அப்புறம் சுத்தியல் போட்டு உடைச்சாத்தான் வரும்."

அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். "டாக்டர், இன்னிக்கு நான் லீவு" என்று சொல்லி வைத்துவிட்டு, சீட்டில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, வீட்டுக்காவது போகலாமா?"

"காயட்டும்டா. அது வரைக்கும் நான் இறங்கறதா இல்ல."