பழமலை வீட்டில் சத்தம் இல்லை

காலைக் காபியோடு உள்ளூர் கேபிள் சேனலைப் போட்ட பழமலை, அதில் தன் முகத்தையே பார்த்தார். போன வருடம் அறுபதாம் கல்யாணத்துக்கு வாழ்த்துப் போடக் கொடுத்த படம். பட்டுத் துண்டு, மாலை, நெற்றி நிறைய விபூதி. படத்துக்குக் கீழே, 'திரு. பழமலை அவர்கள் இயற்கை எய்தினார்' என்று எழுதியிருந்தது. ஓரத்தில் ஒரு குத்துவிளக்கு வேறு எரிந்துகொண்டிருந்தது.

டம்ளரை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு நேராகப் பாலக்கரை கேபிள் ஆபீசுக்குப் போனார்.

கேபிள்காரன் கோகுலகிருஷ்ணன் எழுந்து நின்றான். சிரிப்பை அடக்குகிறான் என்பது தெரிந்தது.

"செத்தவரு பேரும் பழமலைதாங்க. கம்ப்யூட்டர்ல பழமலைன்னு தேடுனா முப்பது படம் வருது. பையன் மாத்திப் போட்டுட்டான். நம்ம ஊர்ல சாமி பேர வெக்காத வூடு எது, சொல்லுங்க."

"சாமி பேரு மேல பழிய போடாத."

"எடுத்துட்டேங்க. வேணும்னா சாயங்காலம் கீழ எழுத்து ஓட்டிடறேன். பட்டறை முதலாளி பழமலை உயிரோடு நலமாக இருக்கிறார்னு."

"எங்க ஓட்டுவ? மூல வைத்தியசாலை விளம்பரத்துக்கும் நகைக்கடை விளம்பரத்துக்கும் நடுவுலயா? நான் உசுரோட இருக்கேன்னு நீ சொல்லித்தான் ஊருக்குத் தெரியணுமா?"

வீட்டுக்குத் திரும்பினார். பட்டறையில் பீங்கான் சாமான் கட்டும் கம்பியை வெட்டும் கட்டிங் பிளேயரை எடுத்து, ஜன்னல் வழியாக உள்ளே வந்த கேபிளை ஒரே அமுக்கில் வெட்டினார். கேபிள் பெட்டியைத் துணிப்பையில் போட்டு ஆபீசுக்கே அனுப்பிவிட்டார். இனி இந்த வீட்டுக்குள் கேபிள் வராது என்றார். எந்தக் கோபமும் சீரியல் நேரத்துக்குள் ஆறிவிடும் என்று அவர் மனைவி பானுமதி நினைத்தாள்.

ஆறவில்லை. பொழுது சாய்ந்ததும் தெருவில் வீட்டுக்கு வீடு டிவி அலறத் தொடங்கியது. பழமலை வீடு மட்டும் கப்சிப்பென்று இருந்தது. அந்தத் தெருவில் டிவி ஓடாத வீடு என்றால் அது சாவு விழுந்த வீடுதான். காரியம் முடிகிற வரை யாரும் ரிமோட்டைத் தொடமாட்டார்கள். காலையில் படத்தைப் பார்த்துவிட்டு, இருக்காது என்று நினைத்தவர்களும் இப்போது நம்பினார்கள்.

முதலில் பக்கத்து வீட்டு ஜெரினா வந்தாள். துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்று பெரிய தூக்கு நிறையக் காபி. கதவைத் திறந்தவர் பழமலை.

"அண்ணே," என்றாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நீங்க... நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. காபிய உள்ள குடு."

அதற்கு மேல் வந்தவர்களுக்கு அவர் பதில் சொல்லவில்லை. வாசல் விளக்கைப் போட்டு, நாற்காலியை நடுவாசலில் இழுத்து, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். வந்தவர்கள் தெருமுனையிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

மறுநாள் சாயங்காலம் பானுமதி போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"திட்டக்குடி சம்பந்தி பேசினாங்க. ஆளு நீங்க இல்லன்னு தெரிஞ்சிடுச்சாம். ஆனா வூட்ல டிவி கூட ஓடலன்னு யாரோ சொல்லியிருக்காங்க. பங்காளியில யாருக்காவது தீட்டா, மறைக்கிறோமான்னு கேக்குறாங்க. வெள்ளிக்கிழமை தட்டு மாத்துறத தள்ளி வெச்சிக்கலாமாங்கறாங்க."

"நான் எதையும் மறைக்கிறவன் இல்ல."

"அத எங்கிட்ட சொல்லி என்ன? தள்ளிப்போச்சுன்னா பொண்ணுமேல சொல்லு வராதா? கேபிள்காரன வரச்சொல்லி மாட்டுங்க. நாலு வூட்டுக்குக் கேக்குறமாதிரி சத்தமா வெப்போம். முடிஞ்சிது."

"எம்பொண்ணு கல்யாணத்துக்கு சீரியல்காரி அழுவுற சத்தம் சாட்சி சொல்லணுமா?"

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் சண்முகப்ரியா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தள்ளிப்போனா போவட்டும்பா," என்றாள்.

மெல்லத்தான் சொன்னாள். டிவி ஓடியிருந்தால் அது கூடத்தைத் தாண்டியிருக்காது. பழமலை திரும்பினார்.

"ஏன்?"

"அதான் சொன்னேனே. கல்யாணம் ஆனா வேலைய விட்டுடணுமாம். பீங்கானுக்குக் களிமண் சோதிக்கிற வேலை பொம்பளைக்கு எதுக்குங்கறாரு மாப்பிள்ளை. நான் விடமாட்டேன்."

"எங்கிட்ட எப்ப சொன்ன?"

"மூணு தடவ சொன்னேன்பா. நியூஸ்ல நாலு பேரு கத்திட்டு இருந்தாங்க, நீங்களும் அவங்கள திட்டிட்டு இருந்தீங்க. ஒவ்வொரு தடவையும் 'ம்'னீங்க. 'ம்'னா சம்மதம்னு நினைச்சேன். பேசிட்டீங்கன்னு நினைச்சேன்."

பழமலைக்குக் காது சுட்டது. திட்டக்குடியில் நாலு பெரிய மனிதர்கள் முன்னால், என் பெண்ணுக்கு எல்லாம் சம்மதம் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கு பொய். இத்தனை வருடமாக வீட்டுக்கு வைத்திருக்க வேண்டிய காதையும் கோபத்தையும் டிவியில் கத்துகிறவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். இறந்துபோனதாகப் படம் போட்டதைவிட இதுதான் பெரிய அவமானமாக இருந்தது.

போனை வாங்கிச் சம்பந்தி சாமிக்கண்ணுவைக் கூப்பிட்டார். பானுமதி, "என்னாங்க, பொறுமையா," என்றாள். அவர் நின்றபடியே பேசினார்.

"எங்க வூட்ல தீட்டு இல்ல. கேபிள் வேணாம்னு நான்தான் வெட்டினேன், திரும்ப வராது. அது போவட்டும். எம்பொண்ணு வேலைய விடமாட்டா. அவளுக்கு சம்மதம்னு நான் அன்னைக்கு சொன்னது தப்பு. வேலைக்கு ஒத்துக்கிட்டீங்கன்னா வெள்ளிக்கிழமை வாங்க. இல்லன்னா வேணாம்."

மறுமுனையில் ஒரே இரைச்சல். ஒருத்தி அழுதாள், பின்னணியில் வயலின் கதறியது.

"என்னாங்க? வெள்ளிக்கிழமைதான? வரோம் வரோம்," என்றார் சாமிக்கண்ணு.

"மொதல்ல அந்த டிவிய அமத்துங்க."

"எது?"

"டிவிய அமத்துங்க சம்பந்தி. அப்பறம் பேசுறேன்."

கொஞ்ச நேரம் தடுமாற்றம். ரிமோட்டை யாரிடமோ கேட்டார்கள். பிறகு அங்கேயும் சத்தம் நின்றது. பழமலை சொன்னதையே ஒரு வார்த்தை குறைக்காமல் திரும்பச் சொன்னார். அதைத் தணித்துச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

சாமிக்கண்ணு மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

"பையன கேட்டுட்டு சொல்றேங்க," என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது.

"கேளுங்க," என்றார் பழமலை. "அவன் எதிர்ல உக்காந்து கேளுங்க. 'ம்'னு சொன்னான்னா ஒத்துக்காதீங்க. வாயத் தெறந்து சொல்லச் சொல்லுங்க."