பதினோராவது வளைவுக்குத் திரும்பிய ஜீப்

1.

இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டேன். ஏற்காட்டு ஒண்டிக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்றவர் டீ மாஸ்டரிடம் சொன்னார்: "அந்தப் புள்ளய ஏத்துன எடத்துலயே கொண்டுபோயி எறக்கி உட்ட பொறவுதாங்க எனக்குச் சோறே எறங்குச்சு." நான் திரும்பிப் பார்ப்பதற்குள் ஜீப்பைக் கிளப்பிப் போய்விட்டார். எந்தப் பிள்ளை? எதற்குத் திரும்பவும் இறக்கிவிட வேண்டும்? மாஸ்டரைக் கேட்டால், "உங்களுக்குச் சக்கர கம்மியுங்களா?" என்கிறார். சரி, மிச்சக் கதையை நான்தான் கட்டியாக வேண்டும்.

2.

முதல் தொடக்கம்: "சேர்வராயன் மலையைப் பனி ஒரு போர்வையாக..." வேண்டாம். ஏற்காட்டைப் பற்றி எழுதுகிற எல்லோரும் முதல் வரியிலேயே பனியை இறக்கிவிடுகிறார்கள். அன்றைக்கு நல்ல வெயில்.

இரண்டாவது: "வாழ்க்கை என்னும் நெடும்பயணத்தில் சாஜிதா..." இதையே தொடர்ந்திருந்தால் நீங்கள் எழுந்து போயிருப்பீர்கள்.

நேராகவே சொல்கிறேன். சேலத்துச் சாஜிதாவுக்கு இருபத்துநான்கு வயது. தனியாகச் சைக்கிளில் கன்னியாகுமரி வரை போக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. பெற்ற அத்தா முடியவே முடியாது என்றார். ஏற்காட்டில் கடை வைத்திருக்கும் அண்ணன் ரியாஸ் சிரித்தான். "அடிவாரத்துல இருந்து இருபது வளைவையும் மிதிச்சே ஏறி என்ற கடைக்கு வா பாக்கலாம். நடுவுல ஒரு வண்டியிலயும் ஏறக் கூடாது. வந்துட்டா அத்தாகிட்ட நானே பேசறேன்." ரியாஸ் பேசினால் அத்தா கேட்பார். அவள் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கிளம்பிவிட்டாள்.

3.

பதினோராவது கொண்டை ஊசி வளைவில் செயின் அறுந்தது.

(அறுத்தவன் நான்தான். கதைக்கு வேண்டியிருந்தது. மன்னித்துவிடு, சாஜிதா.)

சேலத்தில் பட்டர் ஃப்ரூட் மூட்டைகளை இறக்கிவிட்டு, காலி ஜீப்பில் மனைவி ராசம்மாளோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார் கரடியூர் பெரியண்ணன். "ஏங் கண்ணு, செயின் போச்சா? வெயில்ல உக்காந்திருக்கறயே!" என்றார். சொல்லும்போதே சைக்கிளைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டார். பெரியண்ணன் வீட்டில் 'வேணுமா' என்று கேட்பது மரியாதைக் குறைச்சல். சோறானாலும் சரி, சவாரியானாலும் சரி, முதலில் போட்டுவிட வேண்டும். சாஜிதா 'வேண்டாங்க' என்று வாயெடுப்பதற்குள் ராசம்மாள் நகர்ந்து இடம்விட்டு, உரித்த ஆரஞ்சுச் சுளைகளை அவள் கையில் திணித்தாள். அதற்கு மேல் மறுக்க யாருக்கு நாக்கு வரும்? மிச்சமிருந்த ஒன்பது வளைவுகளையும் அவள் உட்கார்ந்தே கடந்தாள்.

இருபதாவது வளைவைத் தாண்டியதும் சூசைமாணிக்கத்தின் பஞ்சர் கடை. பழைய செயின் ஒன்றிலிருந்து இரண்டு கண்ணிகளை எடுத்துக் கோத்து, தட்டிக் கொடுத்தார். சைக்கிள் ஓடியது. சாஜிதா 'ஓ'வென்று அழுதாள். அண்ணன் வைத்த பந்தயத்தை விக்கி விக்கிச் சொன்னாள்.

"அட, இதுக்குப் போயி அழுவாங்களா? இங்கிருந்து மிதிச்சுட்டுப் போ. ஆருக்குத் தெரியப் போவுது?" என்றார் சூசைமாணிக்கம்.

"எனக்குத் தெரியுமுங்களே," என்றாள் சாஜிதா.

3. (மறுபடியும்)

என் கைப்பிரதிகளைப் படித்துக் குறை சொல்லும் தோழி ஃபெபி இந்த இடத்தில் சிவப்பு மை போட்டாள். "பெரியண்ணன் நம்பும்படியாக இல்லை. ஏதாவது ஒரு உள்நோக்கம் வை."

வைத்துப் பார்த்தேன். "பெரியண்ணனின் பார்வையில் ஏதோ..." கை கூசியது. சரி, ஒரு சோகம் வைப்போம். "அவருக்கும் இதே வயதில் ஒரு மகள் இருந்து, சென்ற ஆண்டு..." ஐயோ, இது அதைவிடக் கேவலம். ஒரு மனிதர் நல்லது செய்ய அவர் வீட்டில் இழவு விழுந்திருக்க வேண்டுமா என்ன?

நானும் ஒரு காலத்தில் சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றியவன்தான். லாரிகளுக்குக் கை காட்டி ஏறியிருக்கிறேன். முகம் தெரியாதவர்கள் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டிருக்கிறேன். சோறு போட்டவர்களில் ஒருவர்கூட எனக்குக் காரணம் சொன்னதில்லை. ஃபெபி, பெரியண்ணன் அப்படியே இருக்கட்டும்.

5.

(நான்காம் பகுதி முழுக்க என் புலம்பல். கிழித்துவிட்டேன்.)

"கேக்காமக் கொள்ளாமத் தூக்கிப் போட்டீங்கல்ல? இப்பப் பாருங்க, புள்ள அழுவுது!" என்று புருஷனைப் பிடித்தாள் ராசம்மாள்.

பெரியண்ணன் தலையைச் சொறிந்தார். "தப்பு எம்மேலதாஞ் சாமி. அழுவாத. ஏத்துன எடத்துலயே எறக்கி உட்டர்றேன்."

"ஐயோ, உங்களுக்கு நொம்பச் செரமங்க..."

"என்ன பெரிய செரமம்? எறக்கந்தான!" என்றவர் சைக்கிளில் கை வைக்கப் போய், சட்டென்று நிறுத்திக்கொண்டார். "ஏத்திக்கட்டுமா, கண்ணு?"

ஜீப் திரும்பியது. பதினோராவது வளைவில், செயின் அறுந்த அதே இடத்தில், சைக்கிளை இறக்கி வைத்தார். "உம்பின்னாடி வரமாட்டேன் கண்ணு. வந்தா மனசு கேக்காம மறுபடியும் தூக்கிப் போட்டுருவேன்," என்று சொல்லிவிட்டு விர்ரென்று மேலே போய்விட்டார்.

6.

பன்னிரண்டு. பதின்மூன்று. தொடை எரிந்தது. பதினாறில் அண்ணனைத் திட்டினாள், பதினெட்டில் தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் மிதிப்பதை நிறுத்தவில்லை.

இருபதாவது வளைவில், மேலிருந்து ஆள் நிரம்பிய பஸ் ஒன்று இறங்கி வந்தது. மலைச் சாலையில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். ஆனால் சைக்கிளை எவன் வண்டியாக மதிக்கிறான்? சாஜிதாவின் விரல்கள் பிரேக்குக்குப் போயின. இந்த ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி மிதித்துக் கிளப்பக் காலில் தெம்பில்லை.

பஸ் நின்றது. பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. கண்டக்டர் முருகன் படியில் தொங்கியபடி அவர்களைப் பார்த்துக் கத்தினார்: "பொறுங்க! ஏறுற வண்டி வருதுங்க!"

வண்டியாம்! சாஜிதாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிரேக்கிலிருந்து விரல்களை எடுத்துவிட்டாள்.

7.

ரியாஸ் அத்தாவிடம் பேசுகிற முடிவு ஒன்று எழுதினேன். அத்தா அப்போதும் மறுக்கிற முடிவு ஒன்று. யாரையும் கேட்காமல் அவள் தெற்கே திரும்புகிற முடிவு ஒன்று. மூன்றும் சப்பென்று இருக்கின்றன. ஏறிக்கொண்டிருக்கிறவளை நிறுத்தி, அப்புறம் என்னம்மா என்று கேட்பது போல.

அதனால் நான் இங்கேயே இறங்கிக்கொள்கிறேன். அந்தப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது நீங்கள். இதோ, உங்கள் ஜன்னலுக்குக் கீழே வந்துவிட்டாள். அவளிடம் ஏதாவது சொல்லுங்கள். கதையின் கடைசி வரி அதுதான். கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள், மூச்சு வாங்கி வாங்கி அவளுக்குக் காது அடைத்திருக்கிறது.