முசியே மாக்சிமின் புகார்

உப்பளம் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்பக்கம் மேசை போட்டு, இங்கிலீஷில் கடிதம் எழுதிக் கொடுப்பது ஸ்டெல்லாமேரியின் பிழைப்பு. விசா விண்ணப்பம், பென்ஷன் விசாரிப்பு, வெளிநாட்டு மருமகனுக்கு வக்கீல் பாணியில் ஒரு மிரட்டல் என்று எல்லாம் வரும். ஏப்ரலில் ஒரு நாள் முசியே மாக்சிம் வந்து எதிரே உட்கார்ந்தபோது அவள் தலையில் ஓடிக்கொண்டிருந்தது வீடு. குடியிருந்த வீட்டை இடித்துக் கட்டப்போவதாக ஓனர் சொல்லிவிட்டார். மே முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். அவளும் கணவன் லூர்துபிரகாஷும் பார்த்த பதினோரு வீடுகளில் ஒன்றும் அமையவில்லை. ஏன் என்று அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்வதற்குத்தான் யாருக்கும் துப்பில்லை.

முசியே மாக்சிம் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அதனால்தான் பெயருக்கு முன்னால் 'ஐயா'வுக்குப் பதில் பிரெஞ்சு 'முசியே'. பிரெஞ்சு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு, இங்கிலீஷ் சுத்தமாக வராது. பாரீஸிலிருந்து போன மகள் கரீனுக்கு இப்போது லண்டனில் வேலை. அவளுக்கு வீடு பார்க்க இவரும் கூடப் போயிருந்திருக்கிறார்.

"ஏஜென்சிக்காரன் காலையில போன்ல வீடு காலின்னான்மா. நேர்ல போய் நின்னதும் பேரு என்னான்னான், எந்த ஊருன்னான். பாரீஸ்னு சொன்னா, அது சரி, அதுக்கு முன்னாடி எந்த ஊருன்றான். ரெண்டு மணி நேரத்துல, வேற ஆளுக்குக் குடுத்துட்டேன்னு போன் வருது. எழுபது வயசுல எனக்கு இது தேவையா?"

மகள் "விடுப்பா" என்று விட்டுவிட்டாளாம். இவருக்கு ஆறவில்லை. அந்த வீட்டு ஏஜென்சிக்குப் புகார் எழுத வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். பயாஸ், பிரெஜுடிஸ், டிஸ்கிரிமினேஷன் என்று மூன்று சொற்களை யாரிடமோ கேட்டு எழுதி வந்திருந்தார்.

"இதுல எதைப் போடறது?"

"தராசு எப்பவும் ஒரு பக்கமே சாஞ்சிருந்தா பயாஸ், முசியே. விசாரிக்காமலே தீர்ப்பை மனசுல எழுதி வெச்சுக்கிட்டா பிரெஜுடிஸ். அந்தத் தீர்ப்பை வெச்சு ஆளை வாசல்லயே மறிச்சா டிஸ்கிரிமினேஷன். அவன் மூணையும் பண்ணியிருக்கான்."

"அப்ப நடுவுல இருக்கறதைப் பெருசா போடு. மத்த ரெண்டும் அதோட கூடப் பொறந்ததுங்கதான்," என்றார். அவர் புத்திசாலி இல்லை என்று யார் சொன்னது?

கடிதம் முடிந்ததும் தமிழில் வாசித்துக் காட்டினாள். மனிதர் கைக்குட்டையை எடுத்துவிட்டார். அந்த நெகிழ்ச்சியில் அவளுடைய கஷ்டத்தையும் கேட்டார். அவள் வீட்டு விஷயத்தைச் சொல்லப்போக, "அட, மூலக்குளத்துல எங்க மாடி சும்மாதானே கிடக்குது! நம்ம வேதக்காரப் பொண்ணு, நீயே வந்துடு," என்றார்.

அன்று சாயங்காலமே அவளும் கணவனும் மகளுமாக மூன்று பேரும் போனார்கள். இரண்டு அறை, வெயில் விழாத சமையலறை, பள்ளிக்கூட பஸ் வாசலில் நிற்கும். ஆறாம் வகுப்புக்குப் போகப்போகும் ஜாஸ்லின் ஜன்னலோரத்தில் கையால் அளந்து, தன் மேசை இங்கேதான் என்று முடிவே செய்துவிட்டாள். ஸ்டெல்லாமேரிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. மூன்று மாதமாக அவள் சரியாகத் தூங்கியதில்லை.

கீழே இறங்கியதும் முசியே மாக்சிம் காபி கொடுத்தார். கொடுத்தபடியே, "சொந்த ஊரு எதும்மா?" என்றார்.

வில்லியனூருக்கு அந்தப் பக்கம் என்று ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

"அட, எங்க அம்மா ஊராச்சே! எந்தத் தெரு?"

"கோயில் பக்கம்தான், முசியே."

வேதக்காரர்களின் கிறிஸ்தவப் பெயரை வைத்துச் சாதியைக் கண்டுபிடிக்க முடியாது. ஸ்டெல்லா எல்லாத் தெருவிலும் இருக்கிறாள். தெருவையும் மழுப்பிவிட்டால் கேட்பதற்குக் கடைசியாக ஒரு கேள்வி உண்டு. அதை முசியே மாக்சிம் சர்க்கரை போதுமா என்று கேட்கிற குரலில் கேட்டார்.

"உங்க தாத்தாவை எங்க அடக்கம் பண்ணியிருக்குது? கல்லறையில ஒரு சுவர் இருக்குமே, அதுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

லூர்துபிரகாஷ் தம்ளரைக் கீழே வைத்துவிட்டான். பொய் சொல்ல அவளுக்கு ஒரு நொடி ஆகியிருக்காது. செத்துப்போன தாத்தாவை ஒரு வீட்டுக்காகச் சுவர் ஏறிக் குதிக்கவைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"அந்தப் பக்கம்," என்றாள்.

"ஓ. நல்லது, நல்லது," என்றார் அவர்.

மறுநாள் காலையில் போன் வந்தது. தங்கச்சி மகன் திடீரென்று குடிவருகிறானாம், அவருக்கே தர்மசங்கடமாம். "அந்தாளுக்குத் தங்கச்சியே கிடையாது, விசாரிச்சுட்டேன்," என்றான் லூர்துபிரகாஷ். ஜாஸ்லினிடம் சொல்லும் வேலையை இருவரும் ஒருவர்மேல் ஒருவர் தள்ளினார்கள். கடைசியில் ஸ்டெல்லாமேரிதான் சொன்னாள். குழந்தை ஏன் என்று கேட்டது. இவள் அதட்டிவிட்டாள், பிறகு அதற்கும் சேர்த்து அழுதாள்.

இரண்டு வாரம் கழித்து அதே மனிதர் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை என்று நினைத்தால் நாம்தான் ஏமாளி. வெற்றி வீரராக வந்திருந்தார். ஏஜென்சி பதில் போட்டிருந்தது. அன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுங்கள், அதில் பிரெஜுடிஸ் எங்கே இருக்கிறது என்று விளக்குங்கள், விசாரிக்கிறோம்.

"கல்லு மனசும் கரையற மாதிரி எழுதிடும்மா. உனக்குச் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லைதான். வேலையைத் திருப்பி அனுப்ப அவளுக்கு வசதியில்லை. அனுப்பும் எண்ணமும் இல்லை. ஒரு மூச்சில் எழுதிவிட்டு, நிறுத்தி நிறுத்தித் தமிழில் வாசித்தாள்.

"வீடு காலி என்றார்கள். நாங்கள் நம்பி வந்தோம். எங்கள் பெயரைக் கேட்டார்கள், பெயரில் ஒன்றும் தெரியவில்லை. ஊரைக் கேட்டார்கள், அதிலும் திருப்தியில்லை. பிறகு எங்கள் தாத்தாவை எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டார்கள். முந்தின நாள் காலியாக இருந்த வீட்டுக்கு மறுநாள் ஆள் வந்துவிட்டது. எங்களிடம் அவர்கள் எதையும் தெரிந்துகொள்ளக் கேட்கவில்லை. தீர்ப்பு முன்பே தயாராக இருந்தது, எங்களை எந்தப் பக்கம் வைப்பது என்று பார்க்கத்தான் கேட்டார்கள்."

முசியே மாக்சிம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமான கண்ணீர், அதில் சந்தேகமே இல்லை.

"அப்படியே என் மனசுல இருக்கறதை எழுதிட்டம்மா. என்ன ஜனங்க, பாத்தியா? அந்தக் கல்லறை விஷயத்தை மட்டும் எடுத்துடு. வெள்ளைக்காரன் எவ்வளவு மோசமானவனா இருந்தாலும் அதைக் கேக்க மாட்டான்."

"ஆமா முசியே, அவன் கேக்கல," என்றாள் ஸ்டெல்லாமேரி. "நீங்கதான் கேட்டீங்க."

முன்பக்கம் ஜெராக்ஸ் மெஷின் ஓடி நின்றது. அவர் கைக்குட்டையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவளை மிகுந்த கனிவோடு பார்த்தார்.

"அது வேறம்மா," என்றார்.