சுடுசோற்றுத் தயிர்

மாப்பிள்ளைக்கு ஆறின சோறு போடுவதா? பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த பூவாத்தாள் செத்தாலும் அதைச் செய்யமாட்டாள். ஆவி பறக்கிற சோற்றை அள்ளி வைத்து, அதன் தலையில் எருமைத் தயிரை ஊற்றினால்தான் அவளுக்குத் திருப்தி.

அது எழுபத்தெட்டாம் வருஷம். மகள் வசந்தாமணியைக் கட்டிய மறுமாதமே வேலுமணி ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் ஆந்திராவுக்குப் போர் போடப் போய்விட்டான். தாய் தகப்பன் இல்லாதவன். ஐப்பசியில் வயிற்றுப்போக்கோடு, எலும்பும் தோலுமாக மாமியார் வீட்டில் வந்து விழுந்தான். போக்கு நின்ற பிறகும் பால் பட்டால் பொருமல், தயிர்ச் சோறு தின்றாலும் கடமுடா. கார்த்திகைக்குள் தேறாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக ரிக் மேனேஜர் செல்லமுத்து சொல்லியனுப்பினார். வேலுமணிக்கு வேறு தொழிலும் தெரியாது.

ஆனால் வசந்தாமணிக்கு, அடடா, அதுவல்லவா வாழ்ந்த காலம்! புருஷன் முகத்தைப் பட்டப்பகலில் ஆற அமரப் பார்த்ததே அப்போதுதான். கொடிக்காலில் உட்கார்ந்து இருவரும் வெற்றிலை அடுக்குவார்கள். அரைகுறைத் தெலுங்கில் அவன் பேசிக்காட்ட, அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறுவாள். இன்றைக்கு நினைத்தாலும் அவளுக்குச் சிரிப்பு வரும்.

மருந்து வாங்க நாமக்கல் டாக்டரம்மாவிடம் அவள் மட்டும் போனாள். சீக்கில் குடல் புண்ணாகி, பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கிற தெம்பு போய்விட்டது என்றார் அந்தம்மா. தயிரிலுள்ள நல்ல கிருமிகள் தங்கள் நொதியைக் கொண்டு அந்த வேலையைச் செய்யுமாம். வெறும் வயிற்றில் போனால் அமிலம் அவற்றைக் கொன்றுவிடும், சோற்றோடு போனால் பிழைத்துக்கிடக்கும் என்றும் சொன்னார்.

"ஆனா கொதிக்கிற சோத்துல ஊத்தாதம்மா. தட்டுலயே செத்துப்போயிரும்."

பஸ்ஸில் வரும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. அம்மாவிடம் சொன்னால் அவன் தேறுவான். தேறினால் போய்விடுவான், அப்புறம் எந்தக் காலத்தில் வருவானோ. வாயைத் திறக்கவில்லை, கள்ளி. அம்மா சுடச்சுடப் போட்டாள், அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான், இவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் வாய்க்காலைத் தாண்டப் போனவன் கால் துவண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"இந்த வகுறு இனி ஆவாது புள்ள. உனக்குப் பாரமாயிட்டேன்" என்று கண்கலங்கினான்.

வசந்தாமணி ஓடிப்போய் அவனைக் கைத்தாங்கலாகத் தூக்கினாள். தான் செய்வது பாவம் என்று அப்போதுதான் உறைத்தது.

அன்றிலிருந்து சோற்றை அவளே ஆறவைத்துத் தயிர் பிசைந்தாள். மாப்பிள்ளைக்கு ஆறினதைப் போட்டால் ஊரே காறித் துப்பும் என்று பூவாத்தாள் குதித்தாள். மகள் காதில் வாங்கவில்லை. நாளாக ஆக அவன் வயிறு அடங்கியது, கன்னத்தில் சதை பிடித்தது. இன்னும் ஒரு பிடி போடு என்று அவன் தட்டை நீட்டும்போதெல்லாம் அவளுக்குச் சந்தோஷமும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

கார்த்திகைக் கடைசியில் செல்லமுத்து வாசலில் வந்து நின்று வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டார். வேலுமணி வசந்தாமணியைத் திரும்பிப் பார்த்தான். இன்னும் சரியாகவில்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் இருந்துவிடுவான்.

"நல்லாத் தேறிட்டாருங்க" என்றாள் வசந்தாமணி. "கூட்டிட்டுப் போங்க."