மேகனின் சொந்த வரி

அந்த ஒக்டோபரில் நாங்கள் முப்பத்திரண்டு பேர் இரவில் அமெரிக்கர்களாக இருந்தோம். மாலை ஆறரைக்குக் கிளிநொச்சியில் ஏ9 வீதியோரத்து இரும்புக்கடையின் மேல்மாடிக்குப் படியேறும்வரை நான் தயாபரன். ஏறிக் கணினியைத் திறந்தால் மேகன், இல்லாவிட்டால் ஆஷ்லி. காலை ஆறரைக்கு இறங்கித் தேநீர்க் கடையில் பிளேன்ரீயை வாயில் வைக்கும்போது எல்லோரும் பழைய ஆட்களாகிவிடுவோம்.

வேலை இதுதான். அமெரிக்காவில் ஒரு தொகுதி. எங்கள் வேட்பாளர் ஒரு பெண் சட்டத்தரணி. எதிர் வேட்பாளர் உழவு இயந்திரம் விற்கிறவர். அந்தத் தொகுதி வாக்காளர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பவேண்டும். 'வணக்கம், நான் மேகன். உங்கள் ஊரில் வீடுவீடாகப் போகும் தொண்டர்களில் ஒருத்தி.' தொலைபேசி இலக்கம் எங்களுக்குத் தெரியாது. திரையில் பெயர் மட்டும் வரும். பதில் வந்தால் ஐந்து பொத்தான்களில் ஒன்றை அழுத்தவேண்டும்: ஆதரவு, எதிர்ப்பு, யோசிக்கிறார், பிறகு கேட்க, மரணம். மரணம் என்று அழுத்தினால் அந்தப் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். திரும்ப எடுக்க முடியாது.

எந்தக் கட்சி என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அதை மட்டும்தான் வாசிப்பீர்கள். என் தாத்தா எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் அடிவாங்கி, கையில் ஒரு பெட்டியோடு கிளிநொச்சிக்கு வந்தவர். சாகும்வரை அவரிடம் ஒருவரும் வாக்குக் கேட்கவில்லை. குடியுரிமை இல்லாததால் அவருக்கு வாக்கு இருக்கவில்லை. நான் ஒரே இரவில் நாலாயிரம் பேரிடம் வாக்குக் கேட்டேன். இதில் பெருமைப்பட எதுவுமில்லை. யாழ்ப்பாணத்தில் இரண்டாம் வருடத்தோடு படிப்பை விட்டவன் நான். ஆங்கிலம் தெரியும், இரவில் நித்திரை வராது. இந்த வேலைக்கு இரண்டும் போதும்.

இடத்தை நடத்தியவர் நுஸ்கி. முல்லைத்தீவில் பிறந்து, தொண்ணூறில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களோடு போய்ப் புத்தளத்து முகாமில் வளர்ந்து, முப்பது வயதில் திரும்பி வந்தவர். யாரோடும் பேசி எதையும் பிடித்துவிடுவார். செப்டெம்பர் கடைசியில் அமெரிக்கர்கள் 'நீ இயந்திரமா?' என்று கேட்கத் தொடங்கியபோது எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார்.

"கேளுங்கோ. பத்துப் பதிலுக்கு ஒண்டிலயாவது உங்கட சொந்த வரி ஒண்டு இருக்கவேணும். எழுதித் தந்ததை அப்பிடியே அனுப்பாதேங்கோ. மனிசர் எழுதின மாதிரி இருக்கோணும்."

"என்னத்தை எழுதுறது சேர்? சாப்பிட்டாச்சோ எண்டோ?" என்று பின்வரிசையிலிருந்து கஜனி கேட்டாள்.

"அதையும் எழுது. பாவங்கள், அதைக் கேக்கவும் அங்க ஆளில்லையாம்."

எல்லோரும் சிரித்தோம். சுகந்தினி மட்டும் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

சுகந்தினி என் பக்கத்துக் கதிரை. நானும் அவளும் மாறி மாறி மேகனாக இருந்தோம். யார் எந்த நேரம் மேகன் என்பது அணிப் பொறுப்பாளரின் கொப்பியில் மட்டும் இருந்தது. அணிப் பொறுப்பாளர் நான்.

அவளுக்கு இருபத்தாறு வயது. அண்ணன் இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் யுத்தம் முடியும்போது, வட்டுவாகல் பாலத்தடியில் இராணுவத்திடம் சரணடைந்து பஸ்ஸில் ஏறியவன். ஏற்றியதைத் தாய் தன் கண்ணால் கண்டவர். பிறகு அவனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. தாய் கமலாட்சி பகல் முழுக்க வீதியோரக் கொட்டகையில், காணாமல் போன பிள்ளைகளின் தாய்மாரோடு, மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். இரண்டு தடவை அரசாங்க அதிகாரிகள் மரணச் சான்றிதழுக்கான படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினார்கள். அவர் கையெழுத்து வைக்கவில்லை. சீனி வியாதியில் மூன்று கால்விரல்கள் போய்விட்டன. கண்ணும் மங்கல். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போடுகிறவள் சுகந்தினி.

வேலைக்கு வந்த முதல் நாளே அவள் என்னிடம் சொன்னாள்: "அண்ணா, மாமி எனக்குக் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போகப் பாஸ்போட் எடுத்து வைச்சிருக்கிறா. இந்த வேலை போனா நான் போகத்தான் வேணும். நான் போனா அம்மா தப்பமாட்டா. அதால பிழை விட்டா முதல் என்னட்டச் சொல்லுங்கோ, திருத்துறன்."

பிழை ஒக்டோபர் மூன்றாம் திகதி, வியாழன் மாலை ஏழரை மணிக்கு நடந்தது. அங்கே காலை பத்து மணி. ஜேகப் என்ற பெயருக்கு மேகன் அதற்கு முன் மூன்று தடவை செய்தி அனுப்பியிருந்தாள். அன்று பதில் வந்தது.

'நான் ஜேகப்பின் தாய். அவன் பெப்ரவரியில் இறந்துவிட்டான். அவனுடைய தொலைபேசி என்னிடம் இருக்கிறது. தயவுசெய்து இனி அனுப்ப வேண்டாம்.'

இதற்கென்று எழுதித் தந்த பதில் இருந்தது: 'உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்.' அதை அனுப்பிவிட்டு மரணம் என்ற பொத்தானை அழுத்தினால் சரி. நான் ஆறு தடவை செய்திருக்கிறேன். நாலு விநாடி வேலை.

சுகந்தினி தன் சொந்த வரியை எழுதினாள்.

'நீங்கள் உடலைப் பார்த்தீர்களா?'

எழுதிவிட்டு, 'பிறகு கேட்க' என்பதை அழுத்தினாள். அதனால் அடுத்த நாள் காலை இயந்திரம் தானாகவே மறுபடி அனுப்பியது: 'வணக்கம் ஜேகப்! தேர்தல் நாளில் உங்களை நம்பலாமா?'

நான் பக்கத்துக் கதிரையில் ஆஷ்லியாக இருந்தேன். கவனிக்கவில்லை.

ஞாயிறு காலை தேநீர்க் கடைக்கு நுஸ்கி வந்தார். தொலைபேசியை மேசையில் என் பக்கமாகத் திருப்பி வைத்தார். அந்த உரையாடலின் படம். மேலே மேகன் என்ற பெயர். கீழே உழவு இயந்திரக்காரரின் கட்சி பெரிய எழுத்தில் போட்டிருந்தது: 'மகனைப் புதைத்த தாயிடம் இவர்கள் கேட்ட கேள்வி.' மூன்று இலட்சம் பேர் அதைப் பார்த்திருந்தார்கள்.

"இது ஆர் மச்சான்?"

"மேகன்."

"விசர்க் கதை கதையாத. மேகனுக்கு நானே பேர் வைச்சனான். எழுதின ஆள் ஆர்?"

"கொப்பியைப் பாக்கோணும்."

"பார். இண்டைக்குப் பின்னேரம் ஆறு மணிக்குள்ள அமெரிக்கக்காரருக்கு ஒரு பேர் வேணும். ஆளை நிப்பாட்டினம் எண்டு கடிதம் குடுக்கோணும். இல்லாட்டி முழுத் தளத்தையும் மூடச் சொல்லிப்போட்டாங்கள். முப்பத்திரண்டு பேர், தயா." பிளேன்ரீயைக் குடிக்காமலே எழுந்தார். "உடம்பைப் பாத்தியோ எண்டு ஒரு தாயிட்டக் கேட்டிருக்குது. என்ன பிறவியோ."

கொப்பியைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. மத்தியானம் கொட்டகைக்குப் போனேன்.

அங்கே ஒரு வாகனம் நின்றது. எங்கள் நாட்டுத் தேர்தலும் அடுத்த மாதம்தான். வெள்ளை வேட்டி கட்டிய வேட்பாளர் ஒருவர் தாய்மாருக்கு முன்னால் குனிந்து நின்றார். ஒருவன் படம் எடுத்துக்கொண்டிருந்தான். வேட்பாளர் கண்ணைத் துடைத்தார்.

"தம்பி, போன முறை வந்தவன் உம்மைவிட வடிவா அழுதவன்," என்றார் கமலாட்சி. "அவனுக்கே நாங்கள் போடேல்ல."

தாய்மார் சிரித்தார்கள். வேட்பாளரும் சிரிக்கவேண்டியதாகிவிட்டது. துண்டுப்பிரசுரத்தை வைத்துவிட்டுப் போனார். கமலாட்சி அதை மடித்து, ஆடிய கதிரையின் காலுக்குக் கீழே வைத்தார்.

சுகந்தினி சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். தொலைபேசியை நீட்டினேன். நின்றபடியே வாசித்தாள்.

"ஓம், நான்தான்."

"ஏன் அப்பிடிக் கேட்டனீ?"

"சேர்தானே மனிசர் மாதிரி எழுதச் சொன்னவர்."

"பகிடி விடாத."

"பகிடி இல்லையண்ணா." பெட்டியின் மூடியைத் துடைத்தாள். "இஞ்ச ஒரு ஆள் செத்திட்டார் எண்டு சொன்னா நாங்கள் முதல்ல என்ன கேக்கிறனாங்கள்? நீங்கள் கேக்கமாட்டீங்களோ? உடம்பைக் கண்டனீங்களோ, ஆர் கண்டது, எங்க வைச்சு? அதைக் கேளாமல் எப்பிடி செத்துப்போனான் எண்டு எழுதுறது? அம்மாவிட்ட வந்தவை ஒருத்தரும் அதைக் கேக்கேல்ல. எல்லாரும் கையெழுத்தைத்தான் கேட்டவை. அந்த மனிசியையும் ஆரும் ஏமாத்தி ஒப்பம் வாங்கியிருப்பினமோ எண்டு நினைச்சன்."

"அது அமெரிக்கா."

"அங்க தாய்மார் இல்லையோ?"

பெயர் கேட்கிறார்கள் என்று சொன்னேன். முப்பத்திரண்டு பேர் என்று சொன்னேன். அவள் தாயைத் திரும்பிப் பார்த்தாள். கமலாட்சி படத்தின் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மேகன் நீங்களும்தானே," என்றாள்.

கெஞ்சவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றை ஒருமுறை சொன்னாள், அவ்வளவுதான். எனக்குத் தாய் இல்லை, ஊசி போட யாரும் இல்லை, போக ஒரு குவைத்தும் இல்லை. வேலை போனால் படுத்திருப்பேன். எங்கள் இருவரில் யாருக்கு வேலை போகலாம் என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் சொல்லும்.

ஆறு மணிக்குக் கொப்பியை நுஸ்கியிடம் கொடுத்தேன். அவள் பெயரை வாயால் சொல்லவில்லை. பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். இரண்டும் ஒன்றுதான். அந்தப் பக்கத்தில் ஒரு பெயரை வெட்டி இன்னொன்றை எழுத ஒரு பேனை போதும். பேனை என் சட்டைப் பையில் இருந்தது. ஏன் எழுதவில்லை என்று பிறகு பலமுறை யோசித்தேன். பெரிய காரணம் எதுவும் கிடைக்கவில்லை. எழுதவில்லை.

நுஸ்கி அந்தப் பெயரில் விரலை வைத்தார். "இவவின்ர தாய்தானே கொட்டகையில..."

"ஓம்."

"யா அல்லாஹ்," என்றார். காலையில் சொன்னதை அவர் திரும்பச் சொல்லவில்லை. ஆனால் கடிதத்தை அன்றே அனுப்பினார்.

சுகந்தினி கதிரையில் தொங்கிய குளிர்ச்சட்டையை எடுக்க வந்தாள். போகும்போது, "மேகனை இனித் தனியப் பாருங்கோ அண்ணா," என்றாள்.

இரண்டு நாள் கழித்து அமெரிக்கக்காரர்கள் ஒப்பந்தத்தையே முறித்தார்கள். பெயர் கொடுத்ததற்கு நன்றி என்று எழுதியிருந்தார்கள். மிச்சம் முப்பத்தொரு பேரும் வீட்டுக்குப் போனோம்.

அடுத்த சனிக்கிழமை நுஸ்கி சுகந்தினியைத் தவிர எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டார். இன்னொரு தரகர் மூலம் புதிய வேலை பிடித்திருந்தார். அதே தொகுதி. இந்த முறை உழவு இயந்திரக்காரர்.

"அப்ப மேகன்?" என்று கஜனி கேட்டாள்.

"மேகன் செத்துப்போனா. இனி எல்லாரும் பிரட்."

ஒருவரும் சிரிக்கவில்லை. புதிய பட்டியல், புதிய வசனம், அனுப்ப ஒரு படம். படத்தைத் திறந்தேன். சுகந்தினியின் வரி. 'இப்படிக் கேட்டவர்களுக்கா உங்கள் வாக்கு?' என்று கீழே எழுதியிருந்தது. முதல் இரவில் அதை ஐயாயிரம் பேருக்கு அனுப்பினேன். நேரத்துக்கு அனுப்பி முடித்தேன்.

உழவு இயந்திரக்காரரின் பட்டியலில் ஜேகப் இன்னும் உயிரோடு இருந்தான். அது எனக்குத் தெரியாது. இரண்டாம் இரவு அவனுடைய பெயரில் பதில் வந்தது.

'இந்தப் படத்தை நான் என் தங்கைக்கு மட்டும்தான் அனுப்பினேன். ஊருக்குக் காட்ட யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை. இப்போது இறந்த என் மகனிடமே இதைக் காட்டி வாக்குக் கேட்கிறீர்கள். உங்களுக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்?'

எழுதித் தந்த பதிலை நான் தேடிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று வந்தது.

'அந்தப் பெண் கேட்டதற்குப் பதில்: இல்லை. நான் பார்க்கவில்லை. எண்ணெய்க் கிணற்றில் வெடிப்பு. மூடிய பெட்டியைத் தந்தார்கள். திறக்க வேண்டாம் என்று நிறுவனத்து ஆள் சொன்னார். நான் திறக்கவில்லை. எட்டு மாதமாக ஒருவரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. அவளுக்குச் சொல்லுங்கள்.'

திரையின் மூலையில் நேரம் ஓடியது. ஒரு பதிலுக்கு நாற்பது விநாடி. 'உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்' என்று அனுப்பினேன். மரணம் என்பதை அழுத்தினேன். ஜேகப் போய்விட்டான். அடுத்த பெயர் வந்தது.

இடைவேளையில், அந்தப் பதிலை நினைவில் இருந்தபடி தமிழில் எழுதி சுகந்தினியின் வட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். அவள் கொழும்பில் ஏஜென்சிக்காரரின் விடுதியில் இருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை விமானம். வாசித்ததற்கான நீல அடையாளம் விழுந்தது. விடியும்வரை பதில் இல்லை.

ஆறரைக்குப் படியிறங்கும்போது வந்தது.

'அவாவைப் பெட்டியைத் திறந்து பாக்கச் சொல்லுங்கோ அண்ணா. கட்டாயம் சொல்லுங்கோ. இப்பவும் பிந்தேல்ல.'

படியிலேயே நின்றேன். மேலே போய் நுஸ்கியிடம் கேட்கலாம். அவர் தரகரிடம் கேட்பார். தரகர் சிரிப்பான். இலக்கம் எங்களிடம் இருந்ததில்லை. பெயர் மட்டும் இருந்தது. அதையும் நான் அழித்திருந்தேன். 'சொல்லுறன்' என்று பதில் போட்டேன்.

தேநீர்க் கடைக்குப் போகாமல் வீதியால் நடந்தேன். மகள் போனதிலிருந்து கமலாட்சி இரவிலும் கொட்டகையிலேயே படுத்தார். அந்த நேரத்துக்கு அங்கே வேறு ஒருவரும் இல்லை. படத்தைக் கதிரையில் சாய்த்து வைத்துவிட்டு, ஊசியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அதிலிருந்த கோடுகளைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

"ஆர், தயாபரனோ?" காலடிச் சத்தத்தில் கண்டுபிடித்துவிட்டார். "தம்பி, உமக்கு ஊசி போடத் தெரியுமோ?"

"தெரியாதம்மா," என்றேன்.