ஈவாஞ்சலின் டீச்சரின் எல்லை

செல்போன் கம்பெனிக்காரர்கள் சிலுவைத்துறையிலிருந்து இரும்பு டவரைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போன மறுநாள் காலையில், ஈவாஞ்சலின் டீச்சரின் உடம்பிலிருந்து டவர் கிடைக்கத் தொடங்கியது. ஒக்கி புயல் வந்து போன மறு வருஷம் அது. அன்றைக்குச் சாளை மீன் மலிந்து கிடந்தது, வெங்காயம்தான் விலை. எல்லாவற்றையும் மந்திரமூர்த்தி அண்ணாச்சி கடையில் ஒரே மூச்சில் பேசினார்கள். டீச்சர் தேங்காய் வாங்க வந்து நின்றதும் கடையிலிருந்த போன்களெல்லாம் நாலு கோடு காட்டின; அவள் தெருமுனை திரும்பியதும் கோடுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அண்ணாச்சி சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்புகிறவர் இல்லை. தேங்காய் அழுகல் என்று சொல்லி அவளைத் திரும்பக் கூப்பிட்டு வேறு காய் மாற்றிக் கொடுத்தார். கோடுகள் திரும்பி வந்தன. முதலில் கொடுத்ததும் நல்ல தேங்காய்தான்.

டீச்சர் நாசரேத் ஊர்க்காரி, புராட்டஸ்டண்ட். மணப்பாட்டுக்குத் தெற்கே இருக்கும் இந்தக் கத்தோலிக்கக் கடற்கரைக்கு, வள்ளக்காரன் ஜேசுபாதத்தைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தவள். அவள் வேதமும் வேறு, அவள் மீன் குழம்பில் புளியும் கம்மி என்று ஊர்ப் பெண்கள் அதுவரை அவளைத் தள்ளியே வைத்திருந்தார்கள். டவர் வந்த பிறகு அந்தப் பேச்சு போன இடம் தெரியவில்லை. துக்க வீட்டில் அவளுக்குத் தலைமாட்டில் நாற்காலி போட்டார்கள். அவள் அங்கே உட்கார்ந்தால்தான் துபாயிலிருக்கும் மகன் வீடியோவில் அப்பன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியும். பிரசவ வலி கண்ட வீட்டுக்கும் ஆம்புலன்ஸுக்கு முன்னால் டீச்சரைத்தான் கூட்டிப்போனார்கள். யார் என்ன பேசுகிறார்கள் என்பது அவளுக்குக் கேட்காது. கடைவாய்ப்பல்லில் ஒரு குறுகுறுப்பு, அவ்வளவுதான். ஆனால் நாசரேத்துக்குப் போய் அம்மாவோடு இரண்டு நாள் இருந்துவிட்டு வர முடியாமல் போயிற்று. தேவைப்படுகிறவளுக்கு லீவு ஏது?

விசாரிக்க நேசக்குமார் என்ற இஞ்சினியர் தூத்துக்குடியிலிருந்து வந்தார். மீட்டரைப் பிடித்துக்கொண்டு அவளைச் சுற்றி மூன்று தடவை வலம் வந்தார். பார்த்தவர்கள் கும்பிடுகிறார் என்று நினைத்தார்கள். சுவர் அலையைத் தின்னும், தூரம் அதை மெலிய வைக்கும், கடலில் சுவரே இல்லாததால் அவள் கரையில் நின்றால் நெடுந்தூரம் எட்டும் என்றார். பிறகு, எந்த டவரும் மூச்சு விடும் என்று ஒரு விஷயம் சொன்னார். பேசுகிறவர்கள் குறைந்தால் அதன் எல்லை விரியும், கூடினால் சுருங்கும். "பத்துப் பேரு ஒண்ணாக் கத்துத வீட்டுல வாசல்ல நிக்கிறவன் பேச்சு கேக்குமா டீச்சர்? ஓரத்துல இருக்கவன்தான் மொதல்ல அறுந்து போவான்." ஆபீசுக்கு, பழுது எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதிலிருந்து டீச்சர் பள்ளிக்கூடம் விட்டதும் மணல்மேட்டில் போய் நிற்பாள். கடலில் கிடக்கும் வள்ளங்களுக்கெல்லாம் டவர் கிடைக்கும். ஜேசுபாதம் பெரிய விஷயம் எதற்கும் கூப்பிட மாட்டான். என்ன குழம்பு என்று கேட்பான், தெரிந்துகொண்டு வைத்துவிடுவான். கல்யாணத்துக்கு முன்னால் பேசாததையெல்லாம் அவர்கள் குழம்பை வைத்துப் பேசி முடித்தார்கள். நாலு வருஷம் அப்படிப் போயிற்று. நல்ல வருஷங்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது வருஷம் ஆடிக் காற்றில் ஜேசுபாதத்தின் வள்ளம் திரும்பவில்லை. கூடப் போனவன் சலேத்தம்மாளின் ஒரே மகன் செல்வதுரை. இந்தக் கரைக்கு ஒரு வழக்கம் உண்டு. வள்ளம் திரும்பாவிட்டால் ஊர் முழுவதும் கடற்கரையில் கூடி, போனவனின் பெயரைச் சொல்லி விடாமல் கூப்பிட வேண்டும். இவனைக் கேட்க ஆள் இல்லை என்று கடல் நினைத்துவிடக் கூடாது. முதலில் வாயை மூடுகிறவர் எவரோ அவர்தான் அவனைக் கைவிட்டவர்; அந்தப் பாவம் ஏழு தலைமுறைக்கும் போகாது. பெயரைக் கூப்பிட்ட காலம் போய் இப்போது போனில் கூப்பிடுகிறார்கள். அன்று விடிந்ததிலிருந்து சிலுவைத்துறையில் இருந்த அத்தனை போன்களும் அந்த இரண்டு நம்பர்களையே அழைத்தன. முத்தையாபுரத்தில் கட்டிக்கொடுத்த பெண்கள் பஸ் பிடித்து வந்து, கரையில் நின்று அழைத்தார்கள். நீங்கள் தொடர்பு கொள்ள முயலும் வாடிக்கையாளர் தற்சமயம் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார் என்று ஒரே பெண்குரல் நூறு போன்களில் முன்னும் பின்னுமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. டீச்சரும் அழைத்தாள். அவள் விரல் நகத்தடியில் ரத்தம் கட்டியிருந்தது.

பொழுது உச்சிக்கு வந்தபோது அவளுக்குப் பல்லெல்லாம் ஆடியது. மீன் ஏலக்கூடத்தின் ஓரத்தில் நின்றவர்கள் கோடு போய்விட்டது என்று அவளை நெருங்கி வந்தார்கள். வந்தவர்கள் விடாமல் அழைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிலுவை நட்ட குருசடிக்குப் பக்கத்திலும் கோடு இல்லை. இன்னும் நெருங்கினார்கள். வெயில் சாய்ந்தபோது அவள் சேலைத் தலைப்பு எட்டுகிற தூரத்துக்கு வெளியே டவர் இல்லை. ஊரே அவள் மேல் விழுந்து அழைத்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் இஞ்சினியர் சொன்னது அவளுக்கு உறைத்தது. ஐயோ, காலையிலேயே உறைக்காமல் போயிற்றே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். போன்களை அணையுங்கள், நீங்கள் கூப்பிடக் கூப்பிட எல்லை சுருங்குகிறது, அவர்களுக்கு எட்டாது என்று ஒவ்வொருவர் காலிலும் விழுந்தாள். பாவம், புருஷனை நினைத்துப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவளைத் தூக்கிவிட்டு மறுபடி அழைத்தார்கள். நிறுத்தினால் தன் பிள்ளையைத் தானே கடலில் தள்ளியதாகாதா என்று சலேத்தம்மாள் கேட்டாள்.

டீச்சர் தன் போனை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்து அணைத்தாள்.

"மொதல்ல வாய மூடுன பாவம் எம்மேல இருக்கட்டும்," என்றாள். "நான் அவுக பொஞ்சாதி. ஏழு தலமொறைக்கும் நானே சுமக்கேன். இனி நீங்க நிறுத்துனா ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல."

அண்ணாச்சி தன் போனை அணைத்து ஒரு மீன் கூடையில் போட்டார். பிறகு ஒவ்வொருவராகப் போட்டார்கள். கூடை நிறைந்து இன்னொரு கூடை கொண்டுவந்தார்கள். சலேத்தம்மாள் மட்டும் மாட்டேன் என்று தன் போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஒருவர் கையிலாவது போன் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடலில் கிடப்பவர்கள் யாரைக் கூப்பிடுவார்கள் என்று டீச்சர் அவளை விட்டுவிட்டுக் கடலுக்குள் இடுப்பளவு நடந்தாள். எல்லை தன் உடம்பிலிருந்து கழன்று ஓடுவது அவளுக்குத் தெரிந்தது. அலை உடைகிற இடம் தாண்டியது, வலை கிடக்கும் இடம் தாண்டியது. மணப்பாட்டு லைட் ஹவுஸில் விளக்கு எரியத் தொடங்கியபோது சலேத்தம்மாளின் போன் அடித்தது.

செல்வதுரைதான். வள்ளம் கவிழ்ந்துவிட்டது, அடிப்பலகையைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன், லைட் ஹவுஸ் வெளிச்சம் தெரிகிறது என்றான். ஜேசுபாதம் எங்கே என்று டீச்சர் ஓடி வந்து போனை வாங்கிக் கேட்டாள். அவன் கொஞ்ச நேரம் அழுதான்.

"அண்ணன் காலையிலேயே ரெண்டு போனையும் பாலிதீன் கவர்ல கட்டி, ஒண்ண எங்கிட்டத் தந்துட்டு, தன்னத இடுப்புல முடிஞ்சிக்கிட்டு நீந்திப் போயிட்டாவ அக்கா. ஒங்க டவரு எப்பவும் இங்கன பக்கத்துல வரைக்கும் வருமாம். எட்டிப் புடிச்சு ஒங்கள்ட்ட சொல்லிட்டு வாரேன்னாவ."

யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் நீந்த நீந்த, ஊர் பாசத்தோடு கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்த எல்லையை அவனுக்கு முன்னால் பின்னுக்கு இழுத்திருந்தது. ஆண்கள் கூடைகளைப் பார்க்க முடியாமல் வள்ளங்களைத் தள்ளினார்கள். செல்வதுரையைக் கொண்டுவந்தார்கள். ஜேசுபாதத்தைத் தேடித் தேடி, எண்ணெய் தீர்ந்து வந்தார்கள். நிரப்பிக்கொண்டு போய் மறுபடி தேடினார்கள். கிடைக்கவில்லை. நினைவுப் பூசை வைக்கலாமா என்று பங்குச் சாமியார் கேட்டபோது, அவர் எல்லைக்கு வெளியேதானே இருக்கிறார் என்று டீச்சர் சொல்லிவிட்டாள்.

அதன் பிறகு சிலுவைத்துறையில் தினமும் பொழுது சாயும் நேரத்தில் போன்களை அணைத்துவிடுவார்கள். கிரிக்கெட் நடந்தாலும் சரி, மாப்பிள்ளை வீட்டார் கூப்பிடுவதாக இருந்தாலும் சரி. டீச்சர் இடுப்பளவு தண்ணீரில் நிற்பாள். சலேத்தம்மாள் ஈர மணலில் நின்று ஜேசுபாதத்தின் நம்பரை அழைப்பாள். தன் மகன் வந்துவிட்டான் என்ற கூச்சம் அவளை ஒரு நாளும் வீட்டில் இருக்க விடவில்லை. எல்லை மாதத்துக்கு மாதம் நீண்டது. மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தூத்துக்குடித் தோணிக்காரர்கள் நடுக்கடலில் நாலு கோடு கிடைக்கிறது என்று சொன்னார்கள். அந்தப் பெண்குரல் மட்டும் இரண்டு வருஷமாகத் தன் பேச்சை மாற்றவில்லை. டீச்சர் சில நாள் தண்ணீரிலேயே நின்று வாய்விட்டு அழுவாள். சில நாள் அவனைத் திட்டுவாள்.

போன மாசி மாதத்தில் ஒரு நாள் அது வேறு சொன்னது. சலேத்தம்மாள் சரியாகக் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். நீங்கள் தொடர்பு கொள்ள முயலும் வாடிக்கையாளர் தற்சமயம் வேறொரு அழைப்பில் உள்ளார்.

"ஏளா," என்றாள் சலேத்தம்மாள், "அவன் யார்ட்டயோ பேசிட்டு இருக்கான்."

டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. "பேசி முடிக்கட்டும் அத்த," என்றாள். "நிப்போம்."

அலை அவள் இடுப்புக்கு மேல் ஏறியிருந்தது. கரையில் யாரும் அணைத்த போனைத் திரும்பப் போடவில்லை.